டார்மாக் என்று ஓர் இடம் இல்லை: விமான நிலையத் தரையின் பெயர்கள் பற்றி ஓமலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை விமான நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் தரைப்பணி பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். சாமான் வண்டிகளை இழுக்கும் டிராக்டரில் தொடங்கி, விமானத்தையே பின்னுக்குத் தள்ளும் வண்டி வரை ஓட்டியிருக்கிறேன். 2023 அக்டோபரில் காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்திலிருந்து விமானங்கள் மறுபடியும் பறக்கத் தொடங்கிய பிறகு, கடைவீதியிலும் கல்யாணப் பந்தியிலும் என்னைப் பார்க்கிறவர்கள் திரும்பத் திரும்பச் சில கேள்விகளைக் கேட்கிறார்கள். பாதிக்கு மேல் பெயர்களைப் பற்றியவை. கேட்டவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சேலத்தில் விமானத்திலிருந்து இறங்கி, கட்டடம் வரை நடந்து வந்தோம். செய்திகளில் டார்மாக் என்கிறார்களே, அந்த இடம்தானா அது?

அந்த இடத்தின் பெயர் ஏப்ரன். விமானம் நிற்பதற்கும், ஆட்கள் ஏறி இறங்குவதற்கும், சாமான் ஏற்றுவதற்கும், எரிபொருள் நிரப்புவதற்கும் ஒதுக்கப்பட்ட தளம் அது. ஐ.சி.ஏ.ஓ. எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, விமான நிலையங்களை எப்படி அமைக்க வேண்டும் என்பதற்காக 14-ஆம் இணைப்பு என்ற விதித்தொகுப்பை வைத்திருக்கிறது. ஓடுபாதை என்றால் என்ன, டாக்ஸிவே என்றால் என்ன, ஏப்ரன் என்றால் என்ன என்று அதில் வரையறை உண்டு. டார்மாக்குக்கு அதில் வரையறை கிடையாது.

ஏன் என்பதை நான் வேலையில் சேர்ந்த புதிதிலேயே தெரிந்துகொண்டேன். ஒரு மழை நாளில் எங்கள் டிராக்டர் ஒன்று வழியில் நின்றுவிட்டது. எங்கே நிற்கிறாய் என்று வயர்லெஸ்ஸில் கேட்டதற்கு, ஓட்டியவர் "டார்மாக்கில்" என்றார். உதவிக்குப் புறப்பட்ட வண்டிக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. அவர் நின்றது ஏப்ரன் ஓரத்து வண்டிப்பாதையிலா, விமானம் வரும் வழியிலா? முதலாவது என்றால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இரண்டாவது என்றால் வந்துகொண்டிருக்கும் விமானத்தை உடனே நிறுத்தியாக வேண்டும். விமான நிலையத்தில் தரைக்குப் பெயர் வைப்பது அது எதனால் ஆனது என்று சொல்வதற்காக இல்லை. அங்கே யார் இருக்கலாம், யாருடைய அனுமதியில் இருக்கலாம் என்று சொல்வதற்காக. டார்மாக் என்ற சொல் இந்த இரண்டில் எதையும் சொல்வதில்லை.

பிறகு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

சாலை போடும் தொழிலிலிருந்து வந்தது. நம் பக்கத்தில் பெரியவர்கள் கப்பி ரோடு என்பார்களே, உடைத்த கல்லைப் பரப்பி இறுக்கிய சாலை, அதை முறையாக அடுக்கடுக்காகப் போடும் வழியைச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் மெக்காடம் (1756–1836). அவர் பெயராலேயே அத்தகைய சாலைக்கு 'மெக்காடம்' என்று பெயர் வந்தது. மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் அது போதுமானதாக இருந்தது. மோட்டார் வண்டி வந்ததும் புழுதி தாங்க முடியவில்லை.

இங்கிலாந்தில் நாட்டிங்காம்ஷயர் பகுதியின் சாலைகளைக் கவனித்துவந்த எட்கர் ஹூலி 1901-இல் ஒரு காட்சியைப் பார்த்ததாகச் சொல்வார்கள். சாலையில் தார்ப் பீப்பாய் ஒன்று கவிழ்ந்து கொட்டியிருந்தது. வழுக்காமல் இருக்க யாரோ அதன் மேல் இரும்பு உலைக் கசடைப் போட்டு மூடியிருந்தார்கள். அந்தத் துண்டில் மட்டும் புழுதியும் இல்லை, சக்கரத்தடப் பள்ளமும் இல்லை. கசடையும் தாரையும் சூடாகக் கலக்கும் முறைக்கு அவர் 1902-இல் காப்புரிமை பெற்றார். தார், மெக்காடம் இரண்டும் சேர்ந்து 'டார்மாக்' ஆனது. அது ஒரு வணிகப் பெயர்.

போர்க்காலங்களில் விமானத் தளங்களில் அந்தப் பூச்சைப் பார்த்தவர்கள் இடத்தையே அந்தப் பெயரால் சொல்லத் தொடங்கினார்கள். செய்தித்தாள்கள் அதைப் பிடித்துக்கொண்டன. இன்றைக்கு எந்த விமான நிலையத்திலும் ஹூலியின் கலவை கிடையாது என்றே சொல்லலாம்.

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நாம் 'தார் ரோடு' என்கிறோம். தார் நிலக்கரியிலிருந்து வருவது. இன்றைய சாலையில் ஊற்றப்படுவது கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கடைசியில் மிஞ்சும் பிட்டுமன். இரண்டும் கறுப்பு, இரண்டும் பிசுபிசுப்பு, அதனால் பெயர் ஒட்டிக்கொண்டது. படகுக்குப் பூசும் கீல் என்று நம்மிடம் பழைய சொல் இருந்தும், ஆங்கிலத்திலிருந்து வந்த தார் நிலைத்துவிட்டது. தார் ரோடு என்பதை நான் திருத்தச் சொல்ல மாட்டேன். அதனால் யாருக்கும் குழப்பம் வருவதில்லை.

ஓடுபாதை தாரா, கான்கிரீட்டா?

இரண்டும் உண்டு. பிட்டுமன் கலவை போட்டதை வளைந்து கொடுக்கும் தளம் என்றும், கான்கிரீட் போட்டதை விறைப்பான தளம் என்றும் பொறியாளர்கள் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு ஓடுபாதைக்கும் அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று ஒரு குறியீடு வெளியிடப்படும். நீண்ட காலம் அதை பி.சி.என். என்றார்கள். 2024 நவம்பரிலிருந்து கணக்கிடும் முறை மாறி, பி.சி.ஆர். என்று ஆகியிருக்கிறது. எண்ணுக்குப் பிறகு வரும் முதல் எழுத்து 'எஃப்' என்றால் பிட்டுமன் வகை, 'ஆர்' என்றால் கான்கிரீட் வகை.

ஏப்ரன் பெரும்பாலும் கான்கிரீட்டாகவே இருக்கும். ஓடுபாதையில் விமானம் ஓடிப் போய்விடுகிறது, ஏப்ரனில் மணிக்கணக்கில் நிற்கிறது. சித்திரை வெயிலில் சேலம் சாலையில் செருப்பு ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சூட்டில் இருபது டன்னுக்கு மேல் எடையுள்ள விமானம் ஒரே இடத்தில் நின்றால் பிட்டுமன் தளம் சக்கரத்தின் அடியில் குழிந்துவிடும். இன்னொரு காரணம் எரிபொருள். விமான எரிபொருள் சிந்தினால் பிட்டுமன் கரைந்து இளகும், ஏனென்றால் இரண்டும் ஒரே எண்ணெயின் பிள்ளைகள். ஆகவே பயணிகள் அதிகமாக டார்மாக் என்று சொல்லும் இடத்தில்தான் தாருக்கு வேலையே இல்லை.

ஓடுபாதையா, ஓடுதளமா? பத்திரிகையில் இரண்டும் வருகிறதே?

ஓடுபாதை என்றே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தமிழில் தளம் என்றால் நிற்கும் இடம். வீட்டுக்குத் தளம் போடுகிறோம், மேல்தளம் கீழ்த்தளம் என்கிறோம். பாதை என்றால் போகும் இடம். ஓடுபாதை போவதற்கே உரியது, அதில் யாரும் நின்றுகொண்டிருக்கக் கூடாது. போதாக்குறைக்குச் சூலூரிலும் தஞ்சாவூரிலும் இருப்பதை விமானப் படைத் தளம் என்கிறோம். அங்கே தளம் என்பது முழு நிலையத்தையும் குறிக்கிறது. ஆக, 'தளத்தில் விமானம் நின்றது' என்று எழுதினால் மூன்று பொருள் கொள்ள இடம் உண்டு. தளத்தை ஏப்ரனுக்குக் கொடுத்து, நிறுத்துதளம் என்று சொல்லுங்கள், சிக்கல் தீர்ந்துவிடும். அது கான்கிரீட் தளமாக இருப்பதும் சொல்லுக்குப் பொருந்துகிறது.

என் மனத்தில் ஏப்ரனுக்கு இருக்கும் படம் களத்துமேடு. வண்டி வந்து நிற்கும், மூட்டை ஏறும், மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை செய்வார்கள், யாரும் யார் காலையும் மிதிக்க மாட்டார்கள். நல்ல ஏப்ரன் அப்படித்தான் இருக்கும்.

டாக்ஸிவேக்குத் தமிழ்ச் சொல் இருக்கிறதா?

டாக்ஸிவே என்பது ஏப்ரனையும் ஓடுபாதையையும் சேர்க்கும் வழி. விமானம் தன் சக்கரத்தில் மெதுவாக ஊர்ந்து போகும். நான் ஊர்பாதை என்கிறேன். ஊர்தி என்ற சொல்லுக்கும் அதே வேர்தானே? ஓடுகிற இடம் ஓடுபாதை, ஊர்கிற இடம் ஊர்பாதை. பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் ஒரு முறையிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். 'இணைப்புப் பாதை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஆனால் ஓமலூர்க்காரருக்கு அது மேம்பாலத்துப் பக்கச் சாலையைத்தான் நினைவுபடுத்தும். டாக்ஸிவே என்றே எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை.

ரேம்ப், பே, ஸ்டாண்டு என்பவை என்ன?

ரேம்ப் என்பது ஏப்ரனுக்கு அமெரிக்கப் பெயர். நம் நாட்டுத் தரைப்பணியாளர்களும் அப்படியே சொல்கிறோம். ஸ்டாண்டு என்பது ஏப்ரனுக்குள் ஒரு விமானம் நிற்கும் ஒற்றை இடம், அதையே நாங்கள் பே என்போம். பஸ் நிலையத்துக்கும் அதில் தருமபுரி பஸ் நிற்கும் இடத்துக்கும் உள்ள உறவுதான் ஏப்ரனுக்கும் பேக்கும்.

'விமானம் ஓடுபாதையில் நிறுத்தி வைக்கப்பட்டது' என்று செய்தி எழுதலாமா? (இதைக் கேட்டவர் ஓர் இளம் செய்தியாளர்.)

உண்மையிலேயே ஓடுபாதையில் நின்றிருந்தால் எழுதுங்கள் தம்பி. ஆனால் எழுதும் முன் ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சேலத்தில் இருப்பது ஒரே ஓடுபாதை. அதில் ஒரு விமானம் பழுதாகி நின்றால் வேறு எந்த விமானமும் இறங்கவோ ஏறவோ முடியாது, வருகிற விமானம் வேறு ஊருக்குத் திரும்ப வேண்டும். அது பெரிய செய்தி. நிறுத்துதளத்தில் கதவு மூடிய பிறகு ஒரு மணி நேரம் காத்திருந்தது என்றால், அந்த விமானத்தின் பயணிகளுக்கு மட்டுமே சங்கடம். ஒரு சொல்லை மாற்றி எழுதினால், சின்னச் செய்தி பெரிய செய்தியாகிவிடுகிறது, வீட்டில் காத்திருப்பவர்கள் பதறிப்போகிறார்கள்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பயணிகளை விமானத்துக்குள்ளேயே நெடுநேரம் உட்காரவைப்பதைத் தடுக்க 2010 ஏப்ரலில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டுப் பயணத்தில் மூன்று மணி நேரம் அதன் எல்லை. அந்த விதியிலேயே 'டார்மாக் தாமதம்' என்ற சொற்றொடர் இருக்கிறது. பயணிக்குத் தான் ஏப்ரனில் நிற்கிறோமா டாக்ஸிவேயில் நிற்கிறோமா என்பது முக்கியமில்லை, இறங்க முடியவில்லை என்பதே முக்கியம். அந்த இடத்தில் பொதுச்சொல் பொருந்துகிறது.

சேலம் ஓடுபாதைக்கு 04, 22 என்று ஏன் இரண்டு எண்கள்?

ஒரே பாதைக்கு இரண்டு முனைகள், இரண்டு திசைகள். திசைகாட்டியில் பாகைகளைப் பத்துப் பத்தாக முழுமையாக்கி, கடைசிப் பூச்சியத்தை விட்டுவிடுவார்கள். 04 என்றால் விமானம் ஏறத்தாழ 40 பாகை, அதாவது வடகிழக்கு நோக்கி ஓடும். எதிர்முனையிலிருந்து ஓடினால் 220 பாகை, தென்மேற்கு. எந்த ஓடுபாதையிலும் இரண்டு எண்களுக்கும் இடையே வித்தியாசம் 18 தான்.

விமானம் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் விரும்பும். ஆடி மாதத்தில் தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது 22 என்ற திசையே பொதுவாக வசதியாக இருக்கும்.

பெங்களூர் போல இரண்டு ஓடுபாதைகள் இணையாக ஓடினால், எண்ணோடு இடது, வலது என்பதற்கான எழுத்தும் சேரும். அந்த ஓர் எழுத்தில் உயிர் இருக்கிறது. 2000 அக்டோபர் 31 அன்று தைபேயில், புயல் மழையில், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் 05 இடது என்பதற்குப் பதிலாக, பழுதுபார்ப்புக்காக மூடியிருந்த 05 வலது பாதையில் ஓடி, கட்டுமான இயந்திரங்களில் மோதியது. 83 பேர் இறந்தார்கள்.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறத்தைப் பாருங்கள். ஓடுபாதையில் கோடுகளும் எண்களும் வெள்ளை. டாக்ஸிவேயில் மஞ்சள். இரவில் டாக்ஸிவே ஓரத்தில் நீல விளக்குகள், ஓடுபாதை ஓரத்தில் வெள்ளை விளக்குகள், தொடக்கத்தில் பச்சை, முடிவில் சிவப்பு.

டாக்ஸிவே ஓடுபாதையைத் தொடும் முன் குறுக்கே நான்கு மஞ்சள் கோடுகள் இருக்கும், இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடு. விமானம் முழுக்கோட்டுப் பக்கமிருந்து வந்தால், கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் வரை அங்கேயே நிற்க வேண்டும். விட்டுவிட்டுப் போட்ட பக்கமிருந்து, அதாவது ஓடுபாதையிலிருந்து வெளியே வந்தால், கடந்து போகலாம். இதன் பெயர் ஓடுபாதைக் காத்திருப்பு நிலை. விமான நிலையத் தரையில் இதைவிடக் கண்டிப்பான கோடு வேறு இல்லை. பக்கத்திலேயே சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஓடுபாதை எண் இருக்கும். அடுத்த முறை அந்த இடத்தில் விமானம் தயங்கி நின்றால் தாமதம் என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

ஓடுபாதை 30 மீட்டர் அகலம்தானே? சுற்றிலும் இவ்வளவு நிலத்தைச் சும்மா போட்டிருப்பது ஏன்?

இதைக் காமலாபுரம், பொட்டியபுரம் பக்கத்து உறவினர்கள் கேட்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பது பற்றி அந்த ஊர்களில் எவ்வளவு போராட்டம் நடந்தது என்று அறிவேன். அந்த வழக்கை நான் இங்கே பேசவில்லை. ஆனால் 'சும்மா கிடக்கும் நிலம்' என்பது சரியான பெயர் இல்லை.

கறுப்பாகத் தெரியும் பாதையின் இருபுறமும், இரு முனைகளுக்கு அப்பாலும் சமப்படுத்திய மண்ணும் புல்லுமாக இருப்பது ஓடுபாதைப் பட்டை. ஸ்ட்ரிப் என்பார்கள். விமானம் பாதையை விட்டு விலகினால் பள்ளத்தில் விழாமலும் கல்லில் மோதாமலும் ஓடி நிற்க அது வேண்டும். கருவிகளின் துணையோடு இறங்கும் பெரிய ஓடுபாதைகளுக்கு நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 140 மீட்டர் வரை இந்தப் பட்டை நீள வேண்டும் என்கிறது ஐ.சி.ஏ.ஓ. முனைக்கு அப்பால் பட்டை 60 மீட்டர். அதற்கும் அப்பால் ரெசா எனப்படும் ஓடுபாதை முனைப் பாதுகாப்புப் பரப்பு, குறைந்தது 90 மீட்டர், பெரிய ஓடுபாதைகளுக்கு 240 மீட்டர் இருப்பது நல்லது என்பது பரிந்துரை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,800 மீட்டர். ஏடிஆர் 72 போன்ற விசிறி விமானத்துக்கு இது போதும். பெரிய ஜெட் வர வேண்டும் என்றால் பாதையை மட்டும் நீட்டினால் ஆகாது, பட்டையும் ரெசாவும் கூடவே நீள வேண்டும். நிலம் கொடுப்பவரிடம் 'ஓடுபாதைக்கு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், எது எதற்கு எவ்வளவு என்று பெயர் சொல்லி விளக்குவது அவருக்குச் செய்யும் மரியாதை.

முனையில் வெள்ளை அம்புக்குறிகள் போட்ட பகுதி எதற்கு?

ஓடுபாதையின் தொடக்கக் கோட்டை, அதாவது இறங்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட இடத்தை, உள்ளே தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். வழியில் மரமோ கட்டடமோ உயரமாக இருந்தால் இப்படிச் செய்வார்கள். அம்புப் பகுதியில் இறங்கக் கூடாது, ஏறும்போது பயன்படுத்தலாம்.

சேர்வராயன் மலை பக்கத்தில் இருக்கிறதே, சேலம் டேபிள்டாப் ஓடுபாதையா?

இல்லை. டேபிள்டாப் என்றால் குன்றின் தலையைச் சீவிச் சமமாக்கி, முனைகளில் சரிவு விழும்படி அமைந்த ஓடுபாதை. மங்களூரு, கோழிக்கோடு, மிசோரமின் லெங்புய் ஆகியவை அப்படி. 2010 மே 22 அன்று மங்களூருவில் 158 பேர் இறந்ததும், 2020 ஆகஸ்டு 7 அன்று கோழிக்கோட்டில் விமானம் முனையைத் தாண்டிச் சரிந்ததும் அந்தச் சொல்லை எல்லார் வாயிலும் கொண்டுவந்தன. ஐ.சி.ஏ.ஓ. விதிகளில் அதுவும் முறையான சொல் இல்லை. சேலம் நிலையம் சமவெளியில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பது விமானம் வானத்தில் எந்த வழியாக வர வேண்டும் என்பதைப் பாதிக்கும். தரையின் பெயரை மாற்றாது.

பெயர் மாறிப்போனால் அவ்வளவு ஆபத்தா?

1977 மார்ச் 27, டெனெரிஃப் தீவு. மூடுபனி. இரண்டு போயிங் 747 விமானங்கள் ஒரே ஓடுபாதையில். ஒன்றுக்கு 'மூன்றாவது வழியில் வெளியேறு' என்று கட்டளை. அது அந்த வழியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மற்றொன்றின் விமானி புறப்பட அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்து ஓட்டத் தொடங்கினார். 583 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை உண்மையில் புறப்பட அனுமதி தரும்போதோ அதை ரத்துசெய்யும்போதோ தவிர வேறு எங்கும் சொல்லக் கூடாது என்று உலகம் முழுவதும் விதியானது.

2001 அக்டோபர் 8, மிலான் லினாட்டே. அங்கேயும் மூடுபனி. ஆர்5 என்ற டாக்ஸிவேயில் போக வேண்டிய சிறிய விமானம் ஆர்6-இல் போய், ஓடுபாதைக்குள் நுழைந்துவிட்டது. 118 உயிர்கள். அடையாளங்கள் தெளிவாக இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது. புதிதாக வேலைக்கு வந்த பையன்களுக்கு நான் இந்த இரண்டையும் சொல்லாமல் வண்டிச் சாவி கொடுத்ததில்லை.

சிறிய நிலையத்தில் விமானம் ஓடுபாதையிலேயே கடைசி வரை போய், திரும்பி நின்று, பிறகு புறப்படுகிறதே, அது என்ன? (பக்கத்து வீட்டு அக்காவின் பேத்தி கேட்டது.)

பேக்ட்ராக். ஓடுபாதையின் முனை வரை டாக்ஸிவே போடாத நிலையங்களில், புறப்படும் விமானம் ஓடுபாதையையே ஊர்பாதையாகவும் பயன்படுத்தி, புறப்படும் திசைக்கு எதிர்த்திசையில் மெதுவாகப் போகும். முனையில் பாதை கொஞ்சம் அகன்று, காது போலப் பக்கவாட்டில் புடைத்திருந்தால் அது திரும்புதிட்டு. விமானம் அங்கே மூக்குச் சக்கரத்தை ஒடித்துத் திரும்பி, நடுக்கோட்டில் நேராக நின்று, கோபுரத்தின் சொல்லுக்குக் காத்திருக்கும். நீங்கள் அதுவரை பார்த்த அதே கறுப்புப் பாதை, அதே வெள்ளைக் கோடு, இப்போது எதிர்ப்பக்கமாக ஓடத் தொடங்கும்.